ஒன்றுக்கு ஆறு: பால் இல்லாத சியா புட்டிங்

மூணு வருஷமா எங்க ரூமில் யாருக்குப் பிறந்தநாள் வந்தாலும் ஒரே கதைதான். ராத்திரி 12 மணிக்கு கேக் வெட்டுவோம், மூஞ்சியில க்ரீம் பூசுவோம். என் ரூம்மேட் மட்டும் ஓரமா நின்னு கை தட்டுவான். ஒரு துண்டு நீட்டினா, "எனக்கு ஸ்வீட் பிடிக்காதுடா" என்பான். நாங்களும் நம்பிட்டோம்.

இந்த வருஷம் ஸ்டடி ஹாலிடேஸ்ல அவன் எங்க வீட்டுக்கு வந்தான், பொள்ளாச்சிக்கு. வந்த அன்னைக்கு அம்மா காபி கொண்டு வந்தாங்க. அவன் தயங்கினான். அம்மா அவன் முகத்தை ஒரு தடவை பார்த்துட்டு, "ஏங்கண்ணு, பால் ஒத்துக்காதா?" என்று கேட்டாங்க. "ஆமாம்மா, வயித்தை வலிக்கும்" என்றான். அவ்வளவுதான். மூணு வருஷம் பக்கத்துக் கட்டிலில் படுத்தவனுக்குத் தெரியாதது, அம்மாவுக்கு அஞ்சு நிமிஷத்தில் தெரிஞ்சுபோச்சு.

அது வியாழக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை அவன் பிறந்தநாள். அவனும் சாப்பிடுற மாதிரி ஒரு ஸ்வீட் செய்யணும்னு முடிவு பண்ணேன். அடுப்பு பக்கமே போகாதவன் நான். அதனால அடுப்பு அதிகம் தேவைப்படாத சியா புட்டிங்கைத் தேர்ந்தெடுத்தேன். ரெண்டு தடவை சொதப்பி, மூணாவது தடவை சரியா வந்தது. நீங்க முதல் தடவையே சரியா செய்யணும்னுதான் இந்தக் கட்டுரை.

பால் ஏன் ஒத்துக்காது?

பாலில் இருக்கும் சர்க்கரைக்கு லாக்டோஸ் என்று பெயர். அதை உடைக்க சிறுகுடலில் லாக்டேஸ் என்ற நொதி வேண்டும். குழந்தையா இருக்கும்போது அது நிறைய சுரக்கும். வளர வளரப் பலருக்குக் குறைஞ்சிடும். உடையாத லாக்டோஸ் பெருங்குடலுக்குப் போனா, அங்கே இருக்கும் பாக்டீரியா அதை நொதிக்க வைக்கும். வாயு, வயிற்று உப்புசம், வலி, வயிற்றுப்போக்கு எல்லாம் அதனால்தான். உலகத்தில் பெரியவர்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு பேருக்கு லாக்டோஸ் முழுசா செரிக்காது. ஆக இது அபூர்வமான நோய் இல்லை. வெளியே சொல்லக் கூச்சப்படுறதால நமக்குத் தெரியறதில்லை.

பால் அலர்ஜி என்பது வேறு. அது பாலில் இருக்கும் புரதத்துக்கு உடம்பின் எதிர்ப்புச் சக்தி காட்டும் எதிர்வினை. சிலருக்கு உயிருக்கே ஆபத்தாகலாம். உங்க நண்பருக்கு எதுன்னு கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு சமைங்க.

முதல் சொதப்பல்: அது சியாவே இல்லை

வியாழக்கிழமை சாயங்காலம் கடையில் "சியா விதை குடுங்கண்ணா" என்றேன். "ரெண்டும் ஒண்ணுதான் தம்பி" என்று கறுப்பா ஒரு விதையைக் கட்டிக் கொடுத்தார். ராத்திரி தேங்காய்ப்பாலில் கலந்து ஃப்ரிட்ஜில் வெச்சேன். காலையில் பார்த்தா கெட்டியாகவே இல்லை. தண்ணியா பால், அதுக்குள்ளே கண்ணு கண்ணா உருண்டைகள். ஃபலூடா மாதிரி இருந்தது. ஏன்னா அது ஃபலூடாவில் போடும் சப்ஜா விதை.

சப்ஜா என்பது திருநீற்றுப் பச்சிலையின் விதை. சியா வேறு செடி. மெக்சிகோ, குவாத்தமாலா பக்கத்தைச் சேர்ந்தது. ரெண்டும் துளசி குடும்பம்தான், அதனால் பார்க்க ஒரே ஜாடை. அங்கே சியாவைத் தண்ணியில் ஊறவெச்சு எலுமிச்சை பிழிஞ்சு குடிப்பாங்க. நாம் சர்பத்தில் சப்ஜா போடுறது போலத்தான். இப்போ கர்நாடகாவிலும் சியா விளையுது. மைசூரில் இருக்கும் மத்திய உணவு ஆராய்ச்சி நிறுவனம், அதாவது சி.எஃப்.டி.ஆர்.ஐ., அங்கே விவசாயிகளிடம் இந்தப் பயிரைக் கொண்டு சேர்த்தது.

வித்தியாசம் கண்டுபிடிக்க ரெண்டு வழி:

1. நிறம். சப்ஜா முழுக்க ஒரே கறுப்பு. சியா சாம்பல், பழுப்பு, வெள்ளை எல்லாம் கலந்து காடை முட்டை மாதிரி புள்ளி புள்ளியா இருக்கும்.

2. நேரம். அரை ஸ்பூன் எடுத்துத் தண்ணியில் போடுங்க. சில நிமிஷத்திலேயே ஒவ்வொரு விதையும் தனித்தனி முத்தா உப்பினா அது சப்ஜா. மெதுவா ஊறி, கால் மணி நேரத்துக்கு மேல் ஆனதும் தண்ணியே கொழகொழன்னு மாறினா அது சியா.

கெட்டியாவது எப்படி?

சியா விதையின் மேல்தோலில் மியூசிலேஜ் என்ற பசைப்பொருள் இருக்கு. வெண்டைக்காயை நறுக்கினா வழவழன்னு வருமே, அதே வகை. வேதியியலில் சொன்னா நீளமான பாலிசாக்கரைட் சங்கிலிகள். தண்ணீர் பட்டதும் இவை விரிஞ்சு, தண்ணீரைப் பிடிச்சு வெச்சுக்கும். தன் எடையைப் போல் பத்து மடங்குக்கும் மேல் தண்ணீரை சியா பிடிக்கும். பக்கத்து விதையின் சங்கிலியோடு பின்னிக்கிட்டு மொத்தத் திரவத்தையும் கெட்டியாக்கும். சப்ஜாவில் இந்தப் பசை பெரும்பாலும் அந்தந்த விதையைச் சுத்தியே நின்னுடுது. அதனால்தான் என் பாத்திரத்தில் முத்தும் பாலும் தனித்தனியா இருந்தது.

பத்து மடங்கு பிடிக்கும்னு பத்து மடங்கு ஊத்தினா கூழ் மாதிரி ஓடும். ஸ்பூனில் நிக்கிற பதம் வேணும்னா ஒரு பங்கு சியாவுக்கு ஆறு பங்கு திரவம். இது எடைக் கணக்கு. தராசு இல்லைன்னா கவலை வேண்டாம். ஒரு மேசைக்கரண்டி சியா சுமார் 12 கிராம், ஒரு மேசைக்கரண்டி திரவம் 15 மில்லி. அதனால் கரண்டிக் கணக்கில் ஒண்ணுக்கு அஞ்சு என்று எடுத்தா போதும்.

இரண்டாவது சொதப்பல்: கெட்டிப் பால்

வெள்ளிக்கிழமை டவுனில் சரியான சியா வாங்கினேன். பொள்ளாச்சியில் தேங்காய்க்கா பஞ்சம்? கெட்டியா இருந்தா ருசியா இருக்கும்னு முழுக்க முதல் பாலையே ஊத்தினேன். சனிக்கிழமை காலையில் மூடியைத் திறந்தா, மேலே மெழுகுவர்த்தி உருகி உறைஞ்ச மாதிரி வெள்ளையா ஒரு தட்டு. ஸ்பூன் இறங்கலை. வாயில் வெச்சா அண்ணத்தில் கொழுப்பு ஒட்டுது.

காரணம் நமக்குத் தெரிஞ்ச விஷயம்தான். தேங்காய் எண்ணெய் உருகும் வெப்பநிலை சுமார் 24 டிகிரி. மார்கழியில் பாட்டிலுக்குள் உறையுமே, அதே எண்ணெய். முதல் பாலில் கொழுப்பு அதிகம், தண்ணீர் குறைவு. ஃப்ரிட்ஜுக்குள்ளே 4, 5 டிகிரியில் அந்தக் கொழுப்பு மேலே பிரிஞ்சு உறைஞ்சிடும். கீழே இருக்கும் விதைக்கும் போதுமான தண்ணீர் கிடைக்காது.

"கெட்டிப் பால் கடைசியிலதான் சாமி ஊத்தணும், பாயசத்துக்கு நான் அப்படித்தானே செய்யறேன்" என்றாங்க அம்மா. பதில் சமையலறையிலேயே இருந்திருக்கு. நான்தான் கேட்கலை.

மூணாவது தடவை: இதுதான் அளவு

மூணு டம்ளருக்கு:

- சியா விதை: 4 மேசைக்கரண்டி (சுமார் 48 கிராம்)
- பாதித் தேங்காய்
- வெல்லம்: 50 கிராம்
- ஏலக்காய்: 2
- உப்பு: ஒரு சிட்டிகை
- மேலே போட: மாம்பழம் அல்லது வாழைப்பழம்

செய்முறை:

1. தேங்காயைத் துருவி, 150 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு மிக்ஸியில் அரைச்சு, துணியில் பிழியுங்க. இது முதல் பால். சக்கையில் இன்னும் 200 மில்லி தண்ணீர் விட்டு மறுபடி அரைச்சுப் பிழியுங்க. இது இரண்டாம் பால்.

2. இரண்டாம் பால் 200 மில்லி, முதல் பால் 100 மில்லி, மொத்தம் 300 மில்லி அளந்து எடுங்க. இரண்டாம் பால் குறைஞ்சா தண்ணீர் சேர்த்து அளவைச் சரி பண்ணுங்க. மீதி முதல் பாலை மூடி ஃப்ரிட்ஜில் வையுங்க.

3. வெல்லத்தை ரெண்டு மேசைக்கரண்டி தண்ணீரில் கரைய விட்டு, மண் போக வடிகட்டி, நல்லா ஆற விடுங்க. அடுப்பு வேலை இவ்வளவுதான்.

4. பால், வெல்லப்பாகு, ஏலக்காய்ப் பொடி, உப்பு எல்லாத்தையும் கலந்து ருசி பாருங்க. குளிர்ந்த பிறகு இனிப்பு குறைவாத் தெரியும். அதனால் இப்போ கொஞ்சம் தூக்கலா இருக்கலாம்.

5. ஒரு கையால் கலக்கிக்கிட்டே இன்னொரு கையால் சியாவைத் தூவுங்க. மொத்தமாக் கொட்டாதீங்க.

6. அஞ்சு நிமிஷம் கழிச்சு ஒரு தடவை கலக்குங்க. இன்னும் பத்து நிமிஷம் கழிச்சு மறுபடி கலக்குங்க. பிறகு மூடி ஃப்ரிட்ஜில் வையுங்க. குறைஞ்சது 4 மணி நேரம், ராத்திரி முழுக்க இருந்தா இன்னும் நல்லது.

7. பரிமாறுறதுக்கு அரை மணி நேரம் முன்னாடி மீதி முதல் பாலை வெளியே எடுத்து வையுங்க. டம்ளரில் புட்டிங், மேலே ஒரு ஸ்பூன் முதல் பால், அதுக்கு மேலே பழம்.

ஆறாவது படியைத் தாண்டிடாதீங்க. உப்புமாவில் ரவையைக் கொட்டினா கட்டி விழுது இல்லையா, அதே கணக்கு. வெளியே இருக்கும் விதைகள் உடனே ஊறி ஒண்ணோடொண்ணு ஒட்டி ஒரு சுவர் கட்டிடும். உள்ளே இருக்கும் விதைக்குத் தண்ணீர் போகாது. ரெண்டு தடவை கலக்குறது அந்தச் சுவரை உடைக்கத்தான்.

சரியா வரலைன்னா?

ரொம்ப கெட்டியா இருந்தா ரெண்டு ஸ்பூன் இரண்டாம் பால் சேர்த்துக் கலக்குங்க. தண்ணியா இருந்தா ஒரு டீஸ்பூன் சியா தூவி, கலக்கி, அரை மணி நேரம் விடுங்க. விதை பல்லில் படுறது பிடிக்காதவங்க ஊறின பிறகு மிக்ஸியில் ஒரு சுத்து விடலாம். தேங்காய்ப்பால் சீக்கிரம் புளிக்கும். கரண்ட் போய் ஃப்ரிட்ஜ் ரொம்ப நேரம் நின்னுபோனா ரிஸ்க் எடுக்காதீங்க. எப்படி இருந்தாலும் ஒண்ணு, ரெண்டு நாளில் தீர்த்துடுங்க.

தேங்காய் கிடைக்காதவங்க பாக்கெட் தேங்காய்ப்பால் வாங்கலாம், தண்ணீர் கலந்து. ஆனா தேங்காய்ப்பால் பவுடர் வாங்கினா பின்னாடி இருக்கும் பட்டியலைப் படிங்க. பல பவுடர்களில் கேசினேட் சேர்ப்பாங்க. அது பாலில் இருந்து வரும் புரதம். அலர்ஜி உள்ளவங்களுக்கு அது ஆகவே ஆகாது.

சூப்பர்ஃபுட்டா?

ரீல்ஸில் சொல்ற அளவுக்கு இல்லை, மோசமும் இல்லை. நம்ம ஒரு டம்ளரில் 16 கிராம் சியா இருக்கு. அதில் நார்ச்சத்து சுமார் 5.5 கிராம், புரதம் 2.6 கிராம், கால்சியம் 100 மில்லிகிராம். 200 மில்லி பசும்பாலில் கால்சியம் சுமார் 240 மில்லிகிராம். ஆக இந்த ஒரு டம்ளர் பாலுக்கு ஈடாகாது. பால் குடிக்காதவங்க ராகி, எள், கீரை எல்லாம் சேர்த்துக்கணும். சியாவில் ஒமேகா-3 இருக்கு, உண்மை. ஆனா அது ஏ.எல்.ஏ. என்ற வகை. மீனில் இருக்கும் வகையா அதை நம்ம உடம்பு கொஞ்சம்தான் மாத்திக்கும்.

ஒரு எச்சரிக்கை. சியாவை உலர்ந்தபடியே வாயில் போட்டுத் தண்ணி குடிக்காதீங்க. அமெரிக்காவில் ஒருத்தர் அப்படிச் செஞ்சு, விதை உணவுக்குழாயிலேயே உப்பி அடைச்சுக்கிட்டது. 2014-ல் ஒரு மருத்துவ மாநாட்டில் அதைப் பதிவு செஞ்சிருக்காங்க. ஊறவெச்ச பிறகுதான் சாப்பிடணும். முதல் தடவை சாப்பிடுறவங்க அரை டம்ளரோட நிறுத்திக்கிட்டு, தண்ணீர் நல்லா குடிங்க. திடீர்னு இவ்வளவு நார்ச்சத்து போனா வயிறு உப்பும்.

ஞாயிற்றுக்கிழமை

காலையில் மூடியைத் திறந்தேன். ஸ்பூன் இறங்கிச்சு, எடுத்தா நின்னுச்சு. மேலே மாம்பழம் போட்டு அவன் முன்னாடி வெச்சேன். "இதுல பால்..." என்று ஆரம்பிச்சான். "தேங்காய்ப்பால்தான்டா, சாப்பிடு" என்றேன். முதல் டம்ளர் முடிஞ்சதும் ஒண்ணும் பேசாம ரெண்டாவதை இழுத்துக்கிட்டான். மூணாவது எனக்கும் அம்மாவுக்கும் பாதிப் பாதி. மூணு வருஷமா ஸ்வீட் பிடிக்காதுன்னு சொன்னவன்!

"ஏன்டா சொல்லலை?" என்று கேட்டேன். "எல்லாரும் காசு போட்டு கேக் வாங்கியிருக்கீங்க. எனக்காகத் தனியா ஒண்ணு வாங்குங்கன்னு எப்படிக் கேக்கிறது?" என்றான். எனக்குப் பதில் சொல்லத் தெரியலை.

போன வாரம் கேன்டீனில் ஒருத்தன் ட்ரீட் வெச்சான். எல்லாருக்கும் ஐஸ்க்ரீம் வந்தது. என் ரூம்மேட் சாதாரணமா, "மச்சி, எனக்குப் பால் ஒத்துக்காது, லெமன் சோடா சொல்லு" என்றான். சோடா வந்தது. யாரும் ஒண்ணும் நினைக்கலை.

செமஸ்டர் லீவில் வீட்டுக்குப் போனா செஞ்சு பாருங்க. ஒண்ணுக்கு ஆறு, ரெண்டு தடவை கலக்கு, கெட்டிப் பால் கடைசியில். அப்புறம், உங்க ரூமில் ஓரமா நின்னு கை தட்டுறவன் யாராவது இருந்தா, ஏன்னு ஒரு தடவை கேளுங்க.