காவல் அணுக்களின் கணக்கும் கண் பார்வையும்



தம்பதியரான உங்களில் ஒருவருக்கோ இருவருக்குமோ எச்.ஐ.வி. இருப்பது நம்பிக்கை மையத்தில் தெரிய வந்திருக்கலாம். கூட்டு மருந்தும் தொடங்கியிருப்பீர்கள். அரசு மையங்களில் இம்மருந்து 2004 ஏப்ரல் முதல் இலவசமாகத் தரப்படுகிறது. ரத்தம் எடுத்து, 'சி.டி.4' என்று ஓர் எண்ணையும் சிகிச்சைப் புத்தகத்தில் எழுதித் தருகிறார்கள். "அது டாக்டர் பார்க்கிற கணக்கு, நமக்கெதுக்கு?" என்று மூடி வைத்துவிடாதீர்கள்.

சி.டி.4 என்பவை ரத்தத்திலுள்ள காவல் அணுக்கள். ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் இவை சுமார் 500 முதல் 1500 வரை இருக்க வேண்டும். எச்.ஐ.வி. அழிப்பது இவற்றைத்தான். காவல் குறைந்தால், முன்பே உடம்பில் புகுந்து பதுங்கிக் கிடக்கும் வேறு வைரஸ்கள் தலைதூக்கும்.

சின்னம்மைக் கிருமி நரம்பில் ஒளிந்திருந்து பிறகு அக்கியாக வருகிறது. எண் நன்றாக இருந்தாலும் அக்கி வரலாம். காவி பூசி எழுதிக்கொண்டு நாளைக் கடத்த வேண்டாம். கொப்புளம் கண்ட 3 நாட்களுக்குள் மாத்திரை தொடங்கினால் பலன் அதிகம். நெற்றியிலோ கண் ஓரத்திலோ வந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

இன்னொன்று சைட்டோமெகலோ வைரஸ். வாயில் நுழையாத பெயர்தான், சி.எம்.வி. என்றால் போதும். நம் நாட்டில் பெரியவர்களில் பெரும்பாலோர் உடம்பில் இது உண்டு. ஆகவே "அந்தக் கிருமி என்கிட்ட இருக்கா?" என்று சோதிப்பதில் அதிகப் பயனில்லை. அது எழும்புமா என்பதைச் சொல்வது காவல் அணுக்களின் எண்ணிக்கையே. 50க்குக் கீழே இறங்கியவர்களிடம் அது பெரும்பாலும் கண்ணின் விழித்திரையைத் தாக்குகிறது.

"ஏங்க, கண்ணு நல்லாத்தானே தெரியுது? வலியும் இல்ல, செவப்பும் இல்ல. எதுக்குக் கண் டாக்டர்?"

இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். இந்நோயில் வலி இராது. ஒரு கண் கெட்டாலும் மறு கண் ஈடு செய்துவிடும். மருந்தும் ஊசியும் இருக்கின்றன. அவை நோய் பரவுவதைத் தடுக்கும். ஆனால் போன பார்வை திரும்பாது. எனவே எண் 100க்குக் கீழே என்றால், பார்வை தெளிவாக இருந்தாலும், கண்ணில் சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்க்கும்படி கேளுங்கள். வீட்டில் கணவரும் மனைவியும் ஒருவருக்கொருவர் நினைவூட்டி, ஒவ்வொரு கண்ணாக மூடிக்கொண்டு சுவர்க் காலண்டரைப் பாருங்கள். பூச்சி பறப்பது போலவோ, மின்னல் வெட்டுவது போலவோ, ஒரு பக்கம் திரை விழுந்தது போலவோ தெரிந்தால் மறுநாள்வரை காத்திருக்கக் கூடாது.

காய்ச்சலிலும் கர்ப்ப காலத்திலும் எண் சற்று இறங்குவதுண்டு. ஒரே ஒரு சோதனையைப் பார்த்து மனம் உடைந்து போகாதீர்கள். கூட்டு மருந்தைத் தவறாமல் சாப்பிட்டால் எண் மெல்ல ஏறும். அப்படி ஏறும் முதல் சில மாதங்களில், ஏற்கெனவே கிருமி தாக்கிய கண்ணில் அழற்சி தோன்றலாம். "மாத்திரைதான் கண்ணைக் கெடுத்துடுச்சு" என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், மையத்தில் சொல்லுங்கள்.

கண் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது சிகிச்சைப் புத்தகத்தை எடுத்துச் சென்று எண்ணைக் காட்டுங்கள். ஊருக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம் இயல்புதான். ஒருவருக்கு எச்.ஐ.வி. இருப்பதை அவர் சம்மதமின்றி வெளியே சொல்வதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது.