அசையும்போதே எடுத்துவிடுங்கள்

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைக் காலை என்றால் முட்டைதான். ஈரோட்டுப் பக்கத்துக் குடும்பம். ஒருவருக்குக் கலக்கி, ஒருவருக்கு ஆப்பாயில், இன்னொருவருக்கு மிளகு தூக்கலாகப் போட்ட ஃபுல்பாயில். அம்மா தோசைக்கல் முன்னால் நின்று ஒவ்வொன்றாகப் போட்டுக் கொடுப்பார். முதலில் வாங்கியவர் கை கழுவ எழும்போதுதான் ஐந்தாவது ஆளின் முட்டை கல்லில் விழும். எல்லோருக்கும் முடிந்தபிறகு தனக்கு ஒன்று போட்டு, அடுப்படியிலேயே நின்றபடி சாப்பிடுவார். கூப்பிட்டால், "நீங்கெல்லாம் சாப்பிடுங்க கண்ணு, எனக்கென்ன அவசரம்" என்பார். எனக்குக் கல்யாணமாகி என் அடுப்படி வந்தபோது, அதே இடத்தில் நான் நின்றேன்.

ஏழு வருடங்களுக்கு முன்னால் பிள்ளைகளுக்குக் கேக் செய்வதற்கென்று ஒரு ஓ.டி.ஜி. ஓவன் வாங்கினோம். பிறந்தநாள் தவிர மற்ற நாட்களில் அது துணி போர்த்தியே கிடந்தது. ஒரு தீபாவளி விடுமுறையில் வீட்டில் ஒன்பது பேர் இருந்தோம். ஒன்பது முட்டையையும் ஒரே நேரத்தில் ஓவனில் வைத்துவிட்டால் எல்லோரும் ஒன்றாக உட்காரலாமே என்று தோன்றியது. கிண்ணங்களில் வெண்ணெய் தடவி, முட்டையை உடைத்து ஊற்றி, 200 டிகிரியில் 20 நிமிடம் வைத்தேன். வெளியே வந்தது ரப்பர். மேலே தோல் கட்டியிருந்தது, மஞ்சள் கரு மாவாக உதிர்ந்தது, அதைச் சுற்றிப் பச்சையும் சாம்பலுமாக ஒரு வளையம். யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் யாரும் இரண்டாவது கேட்கவுமில்லை.

அதன்பிறகு விடாமல் செய்து பார்த்துக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். செய்முறை என்று பார்த்தால் நாலு வரிதான். மற்றதெல்லாம் கவனம்.

ஓவனில் என்ன வேறுபாடு?

தோசைக்கல்லில் சூடு கீழேயிருந்து மட்டும் வருகிறது. அதனால்தான் ஆப்பாயிலின் அடி முறுகிய பிறகும் மேலே வெண்கரு வழவழவென்று நிற்கிறது. முட்டை ஆப்பம் ஊற்றுகிறவர்கள் இதற்கு எப்போதோ வழி கண்டுவிட்டார்கள். ஆப்பச்சட்டியை மூடி வைத்தால் ஆவி மேலிருந்தும் வேகவைக்கும். ஓவனும் அதே வேலையைத்தான் செய்கிறது. சூடு நாலாபுறமும் சூழ்ந்து, முட்டையைத் திருப்பாமல், கிளறாமல் வேகவைக்கிறது.

பிரான்சில் இது பழைய பழக்கம். சிறு கிண்ணத்தில் வெண்ணெய் தடவி, முட்டையை உடைத்துவிட்டு, கொஞ்சம் கிரீம் சேர்த்து, வெந்நீர் ஊற்றிய தட்டில் கிண்ணத்தை நிறுத்தி ஓவனில் வைப்பார்கள். கொகோத் என்று அவர்கள் சொல்லும் அந்தச் சிறு பாத்திரத்தின் பெயராலேயே பண்டத்தையும் அழைக்கிறார்கள். வட ஆப்பிரிக்காவின் ஷக்‌ஷூக்கா தக்காளிக் குழம்பிலேயே முட்டையை உடைத்து வேகவைப்பது. நான் செய்வது இரண்டுக்கும் நடுவில்: அடியில் நம் தக்காளித் தொக்கு, மேலே முட்டை, அதன்மேல் பாலாடை.

கிண்ணமும் வெந்நீரும்

முதலில் மெல்லிய எவர்சில்வர் கிண்ணத்தில் செய்தேன். அது சட்டென்று சூடேறி, மேல்பக்கம் வேகும் முன்னே அடியை இறுக்கிவிடுகிறது. தடித்த பீங்கான் கிண்ணம் நிதானமாகச் சூடேறும், சீராக வேகும். ஒரு முட்டைக்கு 150 முதல் 200 மில்லி பிடிக்கும் கிண்ணம் போதும். அடியில் ஓவனுக்கு உகந்தது என்ற குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். டீ குடிக்கும் பீங்கான் கோப்பை எல்லாமே ஓவனைத் தாங்கும் என்று நினைக்க வேண்டாம்.

நல்ல கிண்ணமும் திடீர் மாற்றத்தைத் தாங்காது. ஒருமுறை ஓவனிலிருந்து எடுத்த கிண்ணத்தை, அப்போதுதான் துடைத்து ஈரம் காயாத கிரானைட் மேடையில் வைத்தேன். 'டிக்' என்று ஒரு சத்தம். கிண்ணத்தின் நடுவே மயிரிழை போல ஒரு கோடு ஓடி, அதன் வழியே மஞ்சள் கரு மேடையில் கசிந்தது. அன்றிலிருந்து முதலில் மரப்பலகை, அதன் மேல் காய்ந்த துணி, பிறகுதான் ஓவன் கதவைத் திறப்பது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கிண்ணத்தை நேரே சூட்டில் வைப்பதும் இதே கெடுதல்தான்.

கிண்ணங்களை ஆழமான ட்ரேயில் அடுக்கி, கிண்ணத்தின் பாதி உயரத்துக்குக் கொதிநீர் ஊற்றுவேன். ஓவனுக்குள் எத்தனை டிகிரி இருந்தாலும் தண்ணீரின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. அதனால் கிண்ணத்தின் அடியும் ஓரமும் தீய்வதில்லை. ட்ரேயை உள்ளே வைத்துவிட்டு, அதன் பிறகு கெட்டிலிலிருந்து ஊற்றினால் தளும்பாது.

எண்ணைக் கண்ணை மூடி நம்பாதீர்கள்

வீட்டு ஓவனின் திருகில் 180 என்று வைத்தால் உள்ளே 180தான் இருக்கும் என்று உறுதி இல்லை. உள்ளே வைக்கும் சின்ன வெப்பமானி ஒன்று வாங்கிப் பார்த்தபோது, என் ஓவனுக்குள் திருகில் வைத்ததைவிட 20 டிகிரி குறைவாக இருந்தது. ஆகவே எனக்கு 200 என்பது உண்மையில் 180. உங்களுடையது வேறாக இருக்கும். இந்தச் சின்ன வெப்பமானிதான் நான் ஓவனுக்காக வாங்கியவற்றில் மிகப் பயனுள்ளது.

கீழ்க்கம்பி, மேல்கம்பி இரண்டும் எரிய வேண்டும். மேல்கம்பி மட்டும் எரிந்தால் மஞ்சள் கருவின் மேல் தோல் கட்டும். ட்ரே நடுத்தட்டில் இருக்கட்டும். ஓவனைக் குறைந்தது 10 நிமிடமாவது வெறுமனே சூடாக்கிய பிறகே உள்ளே வையுங்கள்.

அடியில் போடுவது வறண்டிருக்க வேண்டும்

நாலு கிண்ணத்துக்குப் பத்துப் பன்னிரண்டு சின்ன வெங்காயம், மூன்று தக்காளி, இரண்டு பச்சை மிளகாய், ஒரு கொத்துக் கறிவேப்பிலை. எண்ணெய் பிரிந்து, கரண்டியால் இழுத்தால் வாணலியின் அடி தெரியும்வரை வதக்க வேண்டும். பச்சை வெங்காயம், அவசரத்தில் வதக்கிய தக்காளி, பிழியாத கீரை எல்லாம் வேகும்போது தண்ணீர் விடும். அந்தத் தண்ணீர் வெண்கருவோடு கலந்தால் அது சரியாகக் கட்டாது, திரிந்த பால் போல நிற்கும்.

நான் தாமதமாகக் கற்றுக்கொண்டது ஒன்று: தொக்கு சூடாக இருக்க வேண்டும். முந்தின இரவே செய்து ஃபிரிட்ஜில் வைத்த தொக்கை அப்படியே போட்டால், அடி வேகக் காத்திருப்பதற்குள் மேலே முற்றிவிடும். சூடுபடுத்திப் போட்டால் வெண்கரு கீழேயிருந்தும் கூடவே கட்டிக்கொண்டு வரும். ஒரு கிண்ணத்துக்கு ஒன்றரை மேசைக்கரண்டி தொக்கு போதும். கரண்டியின் முதுகால் நடுவில் ஒரு குழி செய்தால் மஞ்சள் கரு அதில் நிலையாக உட்கார்ந்துகொள்ளும்.

முட்டை

எங்களுக்கு நாமக்கல் முட்டைதான், 30 கொண்ட அட்டையாக வாங்குவோம். ஃபிரிட்ஜில் வைத்திருந்தால் அரைமணி நேரம் முன்னாலேயே வெளியே எடுத்து வைக்கிறேன். குளிர்ந்த முட்டைக்குக் கூடுதல் நேரம் பிடிக்கும், கணக்கு தவறும். கழுவுவதானால் உடைப்பதற்குச் சற்று முன் கழுவுங்கள். ஓட்டின் மேல் இயற்கையாக இருக்கும் மெல்லிய பூச்சு கழுவினால் போய்விடும், பிறகு சேமிப்பதற்கு ஆகாது.

முட்டையை நேரே கிண்ணத்தில் உடைக்காமல், ஒரு சிறு டம்ளரில் உடைத்து, பார்த்து, பிறகு சரித்து ஊற்றுங்கள். புதிய முட்டையில் வெண்கரு திரண்டு மஞ்சள் கருவைத் தூக்கிப் பிடிக்கும். பழையதில் நீராகப் பரவும், மஞ்சள் கரு தட்டையாகும். பழையதைப் பொடிமாஸுக்கு ஒதுக்கிவிடலாம். விரிசல் விட்ட முட்டையையும் கெட்ட வாடை வருவதையும் எதற்கும் வைத்துக்கொள்ள வேண்டாம்.

உப்பை வெண்கருவின் மேல் மட்டும் தூவுகிறேன். மஞ்சள் கருவின் மேல் விழுந்தால் அங்கங்கே புள்ளி விழும். வெண்கருவின் மேல் ஒரு தேக்கரண்டி பாலாடை விட்டால் அது காயாமல் இருக்கும். கடையில் வாங்கும் ஃப்ரெஷ் கிரீமும் ஆகும். மிளகுத்தூள் கடைசியில், சாப்பிடும் முன்.

அசைவைப் பாருங்கள்

இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். வெண்கரு 62 டிகிரி வாக்கில் கட்டத் தொடங்குகிறது. மஞ்சள் கரு 65 டிகிரியில் கெட்டிப்பட ஆரம்பித்து 70ஐ எட்டும்போது இறுகிவிடுகிறது. நமக்கு வேண்டிய பதம் இந்தச் சின்ன இடைவெளிக்குள் இருக்கிறது. அதைத் தாண்டினால் வெண்கரு இறுகித் தன் நீரையே பிழிந்து தள்ளிவிடும், அதுதான் ரப்பர். இன்னும் போனால் வெண்கருவின் கந்தகமும் மஞ்சள் கருவின் இரும்பும் சேர்ந்து அந்தப் பச்சை வளையத்தை உண்டாக்கும். தீபாவளிக் காலையில் எனக்கு நடந்தது அதுதான்.

தடித்த பீங்கான் வெளியே வந்த பிறகும் தன் சூட்டை முட்டைக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். ஓவனுக்குள்ளேயே சரியான பதம் வந்துவிட்டால், மேசைக்கு வருவதற்குள் முற்றிவிட்டது என்று பொருள்.

உறைந்த தயிரைப் பார்ப்பது போல இதைப் பார்க்க வேண்டும். பாத்திரத்தை லேசாக ஆட்டினால் ஓரம் நிற்கும், நடு மட்டும் மெல்ல நடுங்கும். அதுபோல, வெண்கரு முழுக்கப் பால் நிறமாகி, மஞ்சள் கருவைச் சுற்றி மட்டும் நடுக்கம் இருந்தால் எடுத்துவிடுங்கள். கண்ணாடி போலத் தெளிவான வெண்கரு எங்காவது தெரிந்தால் இன்னும் ஒரு நிமிடம். கதவை அடிக்கடி திறக்காதீர்கள், கண்ணாடி வழியாகவே பாருங்கள். எடுத்ததும் கிண்ணத்தை வெந்நீரிலிருந்து தூக்கிவிட வேண்டும். நீரிலேயே விட்டால் வெந்துகொண்டே இருக்கும். இரண்டு நிமிடம் பொறுத்துப் பரிமாறுங்கள்.

உண்மையான 180 டிகிரியில், பீங்கான் கிண்ணத்தில், சூடான தொக்கின் மேல் ஒரு முட்டை: 11வது நிமிடம் பார்ப்பேன், 13வது நிமிடம் எடுப்பேன். உங்கள் ஓவனுக்கு உங்கள் கணக்கை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். மூன்று ஞாயிறு எழுதினால் நாலாவது ஞாயிறு தாளைப் பார்க்கவே தேவையிருக்காது.

ஆளுக்கொரு பதம்

ஃபுல்பாயில் கேட்பவர்களின் கிண்ணத்தை ஐந்து நிமிடம் முன்னதாக உள்ளே வைத்துவிடுவேன். எல்லாம் ஒன்றாக வெளியே வரும். சிறு குழந்தைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள், உடல் தேறி வருபவர்கள் ஆகியோருக்கு மஞ்சள் கரு முழுதும் இறுகியே ஆக வேண்டும். சால்மோனெல்லா கிருமி பற்றிய எச்சரிக்கை விளையாட்டல்ல. முட்டைப் பண்டங்களின் உள்சூடு 71 டிகிரியைத் தொட வேண்டும் என்பது அமெரிக்க உணவுப் பாதுகாப்புப் பரிந்துரை. என் வீட்டில் அத்தை மாமாவுக்கு எப்போதும் இறுகியதுதான்.

ஒரே ஒரு முட்டைக்காக ஓவனைப் போடாதீர்கள். 1500 வாட் ஓவன் 25 நிமிடம் ஓடினால் அரை யூனிட்டுக்கு மேல் மின்சாரம் ஆகலாம். தனியாளுக்குத் தோசைக்கல்தான் சரி. ஓவன் நாலு பேருக்கு மேல் இருக்கும் நாளுக்கு. ஓவன் இல்லாதவர்கள் இட்லிப் பாத்திரத்தில் தட்டை எடுத்துவிட்டு, கிண்ணங்களை நிறுத்தி, மூடியில் துணி கட்டி ஆவியில் வேகவைக்கலாம். ருசி சற்று வேறு, ஆனால் நடுங்கும்போதே எடுக்கும் விதி அங்கேயும் அதுதான். மைக்ரோவேவ் மட்டும் வேண்டாம். அதில் முழு மஞ்சள் கரு வெடித்துச் சிதறும், முகத்தில் பட்டால் ஆபத்து.

தொட்டுக்கொள்ள வாட்டிய பிரெட்டோ, பன்னோ, ஆப்பமோ வையுங்கள். மஞ்சள் கருவை உடைத்துத் தொக்கோடு சேர்த்து வழித்து எடுக்கும் அந்த முதல் வாய்க்கு இணை கிடையாது.

போன பொங்கலுக்கு அம்மா வந்திருந்தார். எட்டுக் கிண்ணங்களை மேசையில் வைத்து, முதல் நாற்காலியில் அவரை உட்கார வைத்தேன். எழுந்து அடுப்படிக்குப் போகப் பார்த்தார். போவதற்கு அங்கே வேலை எதுவும் இல்லை.

ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: வேகாத முட்டையை மறுபடி உள்ளே வைக்கலாம், வெந்து முற்றியதைத் திருப்ப முடியாது. ஒரு நிமிடம் முன்னதாக எடுங்கள். எடுத்துவிட்டு, நீங்களும் உட்காருங்கள்.