கொல்லத்திலிருந்து ஆலப்புழைக்கு ஒரு பகல்

கொல்லத்துக்கும் ஆலப்புழைக்கும் தரைவழியே இரண்டு மணி நேரத் தொலைவுதான். நீர்வழியே செல்வதாயின் ஒரு பகல் முழுவதும் வேண்டும். கேரள அரசின் நீர்ப் போக்குவரத்துத் துறை பல ஆண்டுகள் நடத்திவந்த படகு காலை 10.30 மணிக்குக் கொல்லத்தை விட்டுப் புறப்பட்டு, மாலை 6.30 மணி அளவில் ஆலப்புழைத் துறையைச் சேரும். எண்பது கிலோமீட்டர் போவதற்கு எட்டு மணி நேரமா என்று நண்பர்கள் நகைக்க வேண்டா. நிலநூலும் பொருளியலும் பயில்வோர்க்கு இதைவிட நல்ல வகுப்பு எளிதில் கிடைக்காது. தென்னையின் அழகையும் அந்தி வானத்தையும் பாடியோர் பலர். அவற்றை அவர்களுக்கே விட்டுவிட்டு, இந்த நீர் எப்படி ஆளப்படுகிறது என்பதை மட்டும் நாம் பார்ப்போம்.

கடலலை மணலைக் கொணர்ந்து கரையோரத்தில் நீண்ட திட்டாகக் குவிக்கிறது. மலையிலிருந்து வரும் ஆறுகள் அதன் பின்னே தேங்குகின்றன. இவ்வாறு உண்டானவையே காயல்கள். காயல்பட்டினத்தையும் பழைய காயலையும் அறிந்த நமக்கு இச்சொல் புதியதன்று. ஆனால் காயல்கள் தனித்தனியே கிடந்தவை. இடையிலிருந்த நிலத்தை வெட்டி, ஒன்றோடொன்று இணைத்து, வழியாக்கியவர்கள் மனிதர்கள். கொல்லத்துக்குத் தெற்கே வர்க்கலைக் குன்றையே குடைந்து படகு விட்டார்கள் என்றால் அந்த உழைப்பின் அளவை எண்ணிப் பாருங்கள். ஆலப்புழைக்கு ரயில் வந்ததே 1989-இல்தான். அதுவரை நெல்லும் கயிறும் கொப்பரையும் நீரின் மேல்தான் பெரிதும் போய்வந்தன. கொல்லம் முதல் கோட்டப்புறம் வரை 168 கிலோமீட்டர் நீர்வழி, தேசிய நீர்வழி எனும் பட்டத்தை 1993-இல் பெற்றது. சரக்கு சாலைக்கும் ரயிலுக்கும் மாறிய பிறகு பட்டம் வந்தது!

புறப்பட்டதும் படகு அஷ்டமுடிக் காயலில் செல்கிறது. எட்டுக் கிளைகளாகப் பிரிவதால் இப்பெயர். நீண்டகரையில் கடலுக்கு வாய் திறந்திருப்பதால் இதன் நீரில் உப்பு ஏறும். மட்டி நன்றாக வளரும். அடுத்து வருவது சவறை. அங்குள்ள கருமணலில் இல்மனைட்டும் மோனசைட்டும் உண்டு. இத்தகைய மணலின் மதிப்பு 1909-இல் முதலில் வெளிப்பட்டது நம் மணவாளக்குறிச்சியில் என்பதும் குறிக்கத்தக்கது. அங்கிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலே ஜெர்மானியர் ஒருவரின் கண்ணில் பட்டது.

சவறைக்கு வடக்கே ஆலப்பாடு. ஒரு புறம் கடல், மறு புறம் நம் படகு செல்லும் கால்வாய், நடுவே குறுகிய மணல் நாடா. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை வந்தபோது இங்கு நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஓடித் தப்ப நினைத்தவர்களைக் கால்வாய் தடுத்தது. நாள்தோறும் அவர்களைச் சுமந்த நீரே அன்று குறுக்கே நின்றது. நீர்வழி அமைப்போர் படகுக்கு வழி செய்தால் போதாது. கரையில் வாழ்வோர் நடந்து கடக்கப் பாலமும் வேண்டும் என்பதை அறியாமலா இருந்தார்கள்? அறிந்திருந்தும் போதிய பாலங்கள் அமையவில்லை என்பதே வருந்தத்தக்கது.

பிற்பகலில் காயங்குளம் காயலைக் கடந்தால் திருக்குன்னப்புழைக் கதவணை. பாடத்தின் நடுப்பகுதி இதுவே. கதவின் தெற்கே உப்பு நீர். வடக்கே குட்டநாடு, கடல் மட்டத்தினும் தாழ்ந்த வயல்கள். உப்பு உள்ளே புகுந்தால் நெல் கருகும். கதவை மூடியே வைத்தாலோ படகு நின்றுவிடும். ஆகவே படகுக்குத் திறப்பதும் பயிருக்கு மூடுவதும் ஓயாத வேலை.

அதனை அடுத்துப் பல்லனை. மலையாளக் கவிஞர் குமாரன் ஆசான் உயிர் நீத்த இடம். 'ஆசான்' எனும் பட்டம் நமக்கும் உரிய சொல்லன்றோ! நம்மைப் போலவே ஊரை விட்டுப் பெங்களூர், சென்னை, கல்கத்தா எனச் சென்று பயின்றவர். 1924 ஜனவரி 16 அதிகாலையில், கொல்லத்திலிருந்து ஆலப்புழை நோக்கி வந்த 'ரிடீமர்' எனும் படகு இந்த வளைவில் கவிழ்ந்தது. அளவுக்கு மீறி ஆள் ஏற்றியிருந்தார்கள். ஆற்றைக் குறை கூறுவதில் பொருளில்லை. ஏறியவர்களை எண்ணி நிறுத்த ஒருவர் முன்வந்திருந்தால், ஐம்பது வயதில் அக்கவிஞரை மலையாளம் இழந்திராது.

பின்னர் தோட்டப்பள்ளி. பம்பை, மணிமலை, அச்சன்கோவில் ஆறுகளின் மழை வெள்ளம் குட்டநாட்டில் தேங்காமல் கடலில் வடியும்பொருட்டு 1955-இல் இங்கே கதவுகளோடு வடிகால் அணை கட்டினார்கள். ஆயினும் கடல் சும்மா இருப்பதில்லை. முகத்துவாரத்தில் மணலைக் குவித்து அடைத்துவிடுகிறது. குமரி மாவட்டத்தார் 'பொழி' என்பார்களே, அதுதான். வெள்ளம் வருமுன் பொழியை வெட்டிவிட வேண்டும். எவ்வளவு மணலை எடுப்பது, எடுத்த மணல் எங்கே போவது என்பதில்தான் வழக்கு. வெள்ளம் வடிந்தால் போதும் என்கிறான் உழவன்; மணல் போனால் கரையைக் கடல் தின்னும் என்று அஞ்சுகிறான் மீனவன். இருவர் சொல்லிலும் நியாயம் இருக்கிறது.

இக்கடற்கரையின் புறக்காட்டு மீனவர் வாழ்வைத்தான் தகழி சிவசங்கரப் பிள்ளை 'செம்மீன்' நாவலில் எழுதினார். சுந்தர ராமசாமியின் தமிழாக்கத்தில் நம்மவர் பலர் படித்திருப்பர்.

மாலை வெயில் சாயும் நேரத்தில் படகு குட்டநாட்டு நீரில் நுழைகிறது. இங்கே ஒரு விந்தை. படகு மேலே போகிறது. வயல் கீழே கிடக்கிறது! மண் வரப்பு ஒன்றே இரண்டுக்கும் இடையில். விதைக்குமுன் வயல் நீரை இறைத்து ஆற்றில் விட வேண்டும். முற்காலத்தில் மரச் சக்கரங்களில் ஏறி மிதித்து இறைத்தார்கள். பிறகு இயந்திரம் வந்தது. வரப்பு உடைந்தால் அந்தப் போகம் போயிற்று. 2018 வெள்ளத்தில் குட்டநாட்டு மக்கள் பெருந்திரளாக ஊரை விட்டு வெளியேற நேர்ந்ததை நாம் செய்தித்தாள்களில் கண்டோம்.

எதிரே சுற்றுலாப் படகுகள் வரிசையாக வருகின்றன. அவை பழைய கெட்டுவள்ளங்களின் வழிவந்தவை. ஆணி அடிக்காமல் பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டி, நெல் ஏற்றியவை. இன்று அறையும் மின்விசிறியுமாக மாறிவிட்டன. அவற்றினூடே ஊர்ப் படகு ஒவ்வொரு துறையாக நின்று, பள்ளிப் பிள்ளைகளையும் மளிகைப் பையோடு வரும் பெண்களையும் இறக்கிவிட்டுப் போகிறது. பள்ளாத்துருத்தி தாண்டியதும் ஆலப்புழை விளக்குகள் தெரிகின்றன. இத்துறைமுகத்தை வளர்த்த திவான் ராஜா கேசவதாசர், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் பிறந்தவர். சரக்கு வள்ளங்கள் கடைவாசல் வரை வருவதற்கென அவர் காலத்தில் வெட்டிய கால்வாய்கள் நகரின் நடுவே இன்றும் இருக்கின்றன.