மோட்டார் வண்டியில் வானொலி

1930ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுச் சிக்காகோ நகரத்தவரான பால் கால்வின் என்பார், மோட்டார் வண்டிக்கென்றே ஒரு வானொலிப் பெட்டியை விற்பனைக்குக் கொணர்ந்தார். அதற்கு 'மோட்டரோலா' எனப் பெயரிட்டார். அத்தகைய பெட்டிகளுக்குப் பெருந்தடையாய் நின்றது வண்டியின் எஞ்சினே. பெட்ரோலைப் பற்றவைக்கும் மின்பொறி ஒவ்வொன்றும் வானொலி அலைகளை எழுப்பும். அவை பாட்டோடு கலந்து கரகரக்கும். மின்கம்பிகளில் தடைகளைப் பொருத்தி அவ்விரைச்சலை அடக்கினர்.

வண்டியின் உலோகக் கூடு அலைகளைத் தடுப்பதால் ஏரியலை வெளியே நிறுத்துவர். எனினும் பாலத்தின் அடியிற் செல்லுங்கால் மத்திய அலை ஒலி மங்கும். அவ்வலையின் நீளம் சில நூறு மீட்டர். குறுகிய வழியில் அது நன்கு புகாது. பண்பலையின் நீளமோ ஏறத்தாழ 3 மீட்டரே. ஆதலின் அது எளிதிற் புகும். ஆயினும் அது பெரும்பாலும் நேர்க்கோட்டிற் செல்வதால், குன்றின் மறைவில் நலியும்.

பகலில் அயனி மண்டலத்தின் கீழடுக்கு மத்திய அலையை உறிஞ்சுகிறது. கதிரவன் மறைந்தபின் அவ்வடுக்கு தேய்ந்துவிடும். அப்போது மேலடுக்கிற் பட்டு மீளும் அலைகள் பல நூறு கிலோமீட்டர் கடந்து வரும்.

இன்றைய மின்சார வண்டிகளில் மின்பொறி இல்லை. ஆனால் மோட்டாரை இயக்கும் மின்கருவிகள் மத்திய அலையைக் கெடுக்கின்றன. அதனால் சில நிறுவனங்கள் மத்திய அலை வசதியையே நீக்கின. இடர்க்காலத்தில் எச்சரிக்கை நெடுந்தொலைவு சென்று சேர அவ்வலை உதவுமாதலின், நீக்கலாகாது என்பாரும் உளர்.

ஒலி மங்கியவுடன் பெட்டியைப் பழித்தல் எளிது. காரணத்தை நாடுவதே அறிவுடைமை.