பழைய கார் வாங்கும் முன்

காலையில் ஸ்கூடாயிலிருந்து சிங்கப்பூர்ப் பாலத்துக்கு ஊர்ந்து போகும் காரில், மீட்டர் காட்டும் கிலோமீட்டரைவிட என்ஜின் அதிகம் உழைத்திருக்கும். நெரிசலில் சக்கரம் நின்றாலும் பிஸ்டன் நிற்பதில்லை. அதனால் என்ஜின் ஆயிலைச் சற்று முன்னதாகவே மாற்றுவது நல்லது.

பிஸ்டன் மேலும் கீழும் போய்வருவதைச் சுழற்சியாக்குவது கிராங்க்ஷாஃப்ட். அது இரண்டு சுற்று சுற்றினால், வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் ஒரு சுற்று. இரண்டையும் பிணைப்பது டைமிங் பெல்ட் அல்லது செயின். 2005-இல் வந்த முதல் மைவி 1.3 காரில் செயின், புரோட்டோனின் கேம்ப்ரோ என்ஜினில் ரப்பர் பெல்ட். ஓடும்போது பெல்ட் அறுந்தால் பல என்ஜின்களில் பிஸ்டன் மோதி வால்வு வளைந்துவிடும். செலவோ, பெல்ட்டின் விலையைப்போலப் பல மடங்கு. ஆகவே பழைய கார் வாங்குவோர் பெயிண்டைத் தடவிப் பார்ப்பதை விட்டு, பெல்ட்டை எப்போது மாற்றினார்கள் என்று கேட்க வேண்டும். ரசீது இல்லையா? மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நீலப் புகை வந்தால் பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்து ஆயில் எரிகிறது. ஆயில் மூடியின் அடியில் பால்நிறப் பசை இருந்தால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்கலாம். குறைந்த தூரமே ஓடும் காரில் அது வெறும் ஈரமாகவும் இருக்கலாம். ஓட்டிப் பார்க்கும்போது வெப்பமானி முள் ஏறினால் ஓரங்கட்டி என்ஜினை நிறுத்துங்கள். ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள்.