நிலைக்கு நாள் குறிக்கும் முன்பே மரத்தை அறுங்கள்

தோட்டத்து வேம்பையோ தேக்கையோ வெட்டிப் புது வீட்டுக்கு நிலையும் கதவும் செய்துகொள்ள நினைப்பவர்கள் பலர், நிலை வைக்க நாள் பார்த்துவிட்டுப் பிறகுதான் மரத்தில் கை வைக்கிறார்கள். நல்ல மரம் வீணாவது இங்கேதான். பச்சை மரத்தில் செய்த நிலை, சுவருக்குள் போன பிறகு காயத் தொடங்கும். சுருங்கும், முறுகும், கதவு இடிக்கும். வீட்டு வேலைக்கு ஓராண்டு முன்பே மரம் அறுபட்டிருக்க வேண்டும். தேக்கு, ஈட்டி, சந்தனம் என்றால் வனத்துறையில் கேட்காமல் வெட்ட வேண்டாம்.

நிற்கும்போதே பட்டையைப் பாருங்கள். அதன் கோடுகள் நேராக ஏறினால் உள்ளே நாரும் பெரும்பாலும் நேராக இருக்கும். கயிறு திரித்தாற்போல் சுற்றி ஏறினால் பலகை காயும்போது முறுகும். அந்த மரம் கதவுக்கு வேண்டாம்.

வெட்டியதும் வெட்டுமுகத்தைப் பாருங்கள். நடுவில் நிறம் கூடிய வைரமும் அதைச் சுற்றி வெளிறிய வெள்ளையும் தெரியும். வைரம் எவ்வளவோ அவ்வளவுதான் உங்கள் மரம். வெள்ளையில் மாவுச்சத்து இருப்பதால் வண்டு துளைத்துப் பொடியாகக் கொட்டும். கடையில் சாயம் பூசிய சட்டம் வாங்கினால் ஓரத்தை உளியால் சீவிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்; வெள்ளையைச் சாயம் மறைத்துவிடும். வளர்ச்சி வளையத்தை ஒட்டியே ஓடும் வெடிப்பும், சுற்றிலும் கறுத்து ஆடும் கணுவும் இருந்தால் தள்ளிவிடலாம். இறுகப் பிடித்த சிறு கணுவால் கேடில்லை. பச்சைத் தடியின் கனத்தை வைத்துத் தரம் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம், அதில் தண்ணீரின் கனமும் சேர்ந்திருக்கிறது.

வெட்டிய அன்றே இரு முனைகளிலும் பெயின்ட் பூசுங்கள். முனை வழியாகத்தான் ஈரம் வேகமாக வெளியேறும். வெடிப்பும் அங்கேதான் தொடங்கும்.

மில்லுக்குப் போகுமுன் அளந்துகொள்ளுங்கள். தடியின் நடுவில் சுற்றளவை அங்குலத்தில் எடுத்து நான்கால் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்கி, நீளத்தின் அடியால் பெருக்கி, 144-ஆல் வகுத்தால் கன அடி. 48 அங்குலச் சுற்றும் 10 அடி நீளமும் உள்ள தடி 10 கன அடி. வேலிக் கம்பியோ ஆணியோ மரத்தில் ஏறியிருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். வாள் உடைந்தால் ஆளுக்கு ஆபத்து.

அறுக்கும்போது கூடவே நில்லுங்கள். நட்டநடுக் குருத்து எந்தச் சட்டத்துக்குள்ளும் அடைபடக் கூடாது. அடைபட்டால் அந்தச் சட்டம் வெடிக்கும். குருத்தில் வாளை ஓட்டித் தடியைப் பிளந்துவிட்டால் கவலையில்லை. கதவுப் பலகையின் முனையில் வளையங்கள் நிமிர்ந்து நிற்க வேண்டும். படுத்திருந்தால் அகலவாக்கில் ஏறக்குறைய இரு மடங்கு சுருங்கி வளையும். வளையம் நிமிரும்படி அறுத்தால் சேதாரம் கூடும், அறுப்பவர் முணுமுணுப்பார். கதவுக்கு அதைப் பொறுத்துக்கொள்ளலாம். 5×3 அங்குலச் சட்டம் வேண்டுமானால் சுருக்கத்துக்கும் இழைப்புக்குமாக இரு அளவிலும் கால் முதல் அரை அங்குலம் கூட்டி அறுங்கள்.

வெயில் படாத, காற்று புகும் கூரையடியில், தரையிலிருந்து ஓரடி உயரத்தில் அடுக்குங்கள். ஒவ்வோர் அடுக்குக்கும் இடையில் 2 அடிக்கு ஒன்றாக ஓர் அங்குல ரீப்பர்களை, ஒன்றுக்கு நேர் மேலே ஒன்றாக வையுங்கள். விலகினால் பலகை அங்கே வளையும். மேலே பாரம் ஏற்றுங்கள்.

பலகை சில மாதங்களில் காயும்; நிலைச்சட்டத்துக்கு ஓராண்டாவது வேண்டும். அடுக்கிலிருந்து ஒரே துண்டை மாதாமாதம் எடுத்து நிறுங்கள். மழைக்காலம் அல்லாத மாதங்களில் எடை குறைவது நின்றுவிட்டால் ஆசாரியைக் கூப்பிடலாம்.