வலை கட்டும் முன்

பறவை ஆய்வுக்கு வரும் பிள்ளைகள் பைனாகுலரோடு வருகிறார்கள். இந்த வேலையில் பாதி வனத்துறை அலுவலகத்து பெஞ்சில் நடக்கிறது என்பதை வகுப்பில் யாரும் சொல்லித் தருவதில்லை. எனக்குத் தெரிந்ததைச் சொல்லி வைக்கிறேன். எண் போட்டிருக்கிறேனே தவிர, எல்லாவற்றுக்கும் ஒரே எடை இல்லை.

1. முதலில் சட்டத்தைப் படியுங்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பறவையைப் பிடிப்பதும் வேட்டையில்தான் சேரும். தேன்சிட்டுக்குக் கால்வளையம் மாட்டி அந்த நிமிடமே பறக்கவிட்டாலும் அப்படித்தான். ஆய்வுக்கு விலக்குத் தருவது 12ஆவது பிரிவு. எழுத்து மூலம் அனுமதிப்பவர் தலைமை வனஉயிரினக் காப்பாளர். சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள பறவை என்றால் டெல்லியில் மத்திய அரசின் சம்மதமும் வேண்டும். சரணாலயத்துக்குள் நுழைய 28ஆவது பிரிவில் தனி அனுமதி. “ரேஞ்சர் நமக்குத் தெரிஞ்சவர்தான் சார்” என்பது அனுமதி ஆகாது. அவருக்கு மாற்றல் வந்தால் உங்கள் ஆய்வேட்டில் ஓர் அத்தியாயமும் கூடவே போய்விடும்.

2. பருவம் பார்த்து மனுக் கொடுங்கள். கோடியக்கரையில் உள்ளான்கள் இறங்கிய பிறகு எழுத உட்கார்ந்தால், அவை வடக்கே திரும்பும்போதுதான் கையெழுத்து வரும். எந்த இனம், எத்தனை பறவை, எவ்வளவு நேரம் கையில் இருக்கும், வெயில் ஏறினால் வலையைச் சுருட்டுவீர்களா, ஒன்று செத்துப்போனால் என்ன செய்வீர்கள் என்பதையெல்லாம் அவர்கள் கேட்பதற்கு முன்பே எழுதிவிடுங்கள். சாவே நடக்காது என்று சொல்லும் மனுவை நான் நம்புவதில்லை.

3. ரத்தமோ இறகோ, வெளிநாட்டு ஆய்வகத்துக்குப் போகிறது என்றால் 2002ஆம் ஆண்டு உயிரியல் பல்வகைமைச் சட்டம் குறுக்கே வரும். அதற்கான தேசிய ஆணையம் சென்னையில்தான் இருக்கிறது. நேரில் போய்க் கேளுங்கள்.

4. குறையை மட்டும் தூக்கிக்கொண்டு அரசிடம் போகாதீர்கள். இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும். 1990களில் ராஜஸ்தானின் பரத்பூரில் பாறுகள், அதாவது பிணந்தின்னிக் கழுகுகள், குறைந்துவருவதைப் பறவையியலாளர் விபு பிரகாஷ் கவனித்தார். கழுத்துத் தொங்கி உட்கார்ந்திருக்கும், பிறகு சாகும். காரணம் 2004இல்தான், பாகிஸ்தானில் நடந்த ஆய்வில் தெரிந்தது. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலிநிவாரண ஊசிமருந்து சடலத்தில் தங்கி, அதைத் தின்ற பாறின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. 1992இல் ஆயிரம் வெண்முதுகுப் பாறு இருந்தது என்றால், 2007இல் ஒன்றுதான் மிஞ்சியது.

இவ்வளவு பயங்கரமான எண் இருந்தும், எந்த அதிகாரியும் நியாயமாகக் கேட்கக்கூடிய கேள்வி ஒன்று இருந்தது: மாடு வலியில் கிடந்தால் விவசாயி எதைப் போடுவார்? மெலாக்சிகாம் என்ற வேறொரு வலிமருந்து பாறுகளுக்கு ஆபத்தில்லை என்று சோதித்துக் காட்டிய முடிவு 2006 ஜனவரியில் வெளிவந்தது. அதே ஆண்டு கால்நடை டைக்ளோஃபெனாக்குக்குத் தடை வந்தது. மாற்று மருந்து கையில் இருந்ததால்தான் அது முடிந்தது என்பது என் கருத்து.

அப்போதும் தீரவில்லை. மனிதருக்கான டைக்ளோஃபெனாக்கின் பெரிய குப்பிகள் மாட்டுத் தொழுவத்துக்குப் போயின. 2015இல் அதை 3 மில்லி குப்பியாகச் சுருக்க வேண்டியிருந்தது. மாட்டின் உடலுக்குள் டைக்ளோஃபெனாக்காகவே மாறிவிடும் அசெக்ளோஃபெனாக்கைத் தடுக்க 2023 ஆயிற்று. கட்டுரை அச்சில் வந்ததோடு வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் வேறு துறை பார்த்துக்கொள்ளலாம்.

5. எதிர்த்தரப்பின் கணக்கையும் கற்றுக்கொள்ளுங்கள். கானமயில் கனத்த பறவை, நேர் எதிரே பார்வை குறைவு. மின்கம்பியைக் கடைசி நொடியில் கண்டு விலக அதனால் முடியாது. 2021இல் உச்ச நீதிமன்றம் அது வாழும் இடங்களின் கம்பிகளை மண்ணுக்கடியில் கொண்டுபோகச் சொன்னது. 2024இல் அதைத் தளர்த்தி நிபுணர் குழுவிடம் விட்டது. எதிரே நின்றது சூரிய மின்சாரம். அதைக் கெட்டது என்று சொல்லி வாதாட முடியுமா? எந்தத் தடம், எத்தனை வோல்ட், புதைத்தால் என்ன செலவு என்று பேசத் தெரிந்தவர் பேச்சுதான் எடுபடும். மின்பொறியாளர் ஒருவரைச் சிநேகம் பிடித்து வையுங்கள்.

6. எல்லாம் டெல்லியில் முடியாது. நாகாலாந்தின் தோயாங் நீர்த்தேக்கத்தில் அமூர் வல்லூறுகளை ஆயிரக்கணக்கில் வலைபோட்டுப் பிடித்தது 2012இல் வெளியே தெரிந்தது. ஊர் மன்றங்களோடு உட்கார்ந்து பேசியதில் அடுத்த ஆண்டே அது நின்றது. செயற்கைக்கோள் கருவி மாட்டிய பறவை ஒன்றுக்குப் பாங்டி என்று பெயர் வைத்தார்கள். வலை விரித்த ஊரின் பெயர் அது. அந்தப் பெயரைச் சூட்டியவர் யாரோ, கெட்டிக்காரர்.

7. தனியாகப் போராடாதீர்கள். வட அமெரிக்கப் பறவையியல் சங்கங்கள் 1992இல் கூடி ஒரு கவுன்சிலை அமைத்தன. அனுமதிச் சிக்கலில் ஆய்வாளருக்குத் துணைநிற்பது அதன் வேலைகளில் ஒன்றாக இருந்தது. நாம் இன்னமும் இதையெல்லாம் அண்ணன் அக்கா மூலமாக, தொலைபேசியில் செய்துகொள்கிறோம். ஆகவே மூத்தவர்களை நச்சரியுங்கள். கடிதம் எழுதித் தருவது எங்கள் கடமை, தயவு அல்ல. சம்பளம், காப்பீடு, காட்டில் தங்குமிடம், பெண்கள் இரவில் வேலை செய்தால் கூட வருபவர் யார், இவற்றைச் சேரும் முன்பே எழுத்தில் வாங்குங்கள். உங்கள் கண்ணுக்குப் படாத கூட்டை முதலில் காட்டிய உள்ளூர் உதவியாளரின் பெயர் கட்டுரையில் இருக்கட்டும், அவர் விரும்பினால் ஆசிரியர் வரிசையிலேயே.

8. ஆய்வு முடிந்ததும் அறிக்கை கொடுங்கள். பலர் கொடுப்பதில்லை, பிறகு அடுத்த தலைமுறை மனுவோடு போய்த் திட்டு வாங்குகிறது. கூடவே தமிழில் ஒரு பக்கம் எழுதி, பீட் வனக்காவலர் கையிலும் ஒரு பிரதி கொடுங்கள். அடுத்த பருவத்துக்கான மனுவை அந்த அறிக்கையோடு இணைத்தே நீட்டலாம்.